பூஜையில் வைத்த ஸ்ப்ரிங்

விட்டால் போச்சு. இடது கைப் பெருவிரல் முன்பக்கத்தை அழுத்த, வலது கை பின்பக்கத்தை மொத்தமாகச் சேர்த்துப் பிடிக்க, பேக்கிங் மேஜை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், உட்கார்ந்து எவ்வளவு நேரமாச்சு என்று கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாலே தோள் அசைகிறது, தோள் அசைந்தால் விரல் அசைகிறது, விரல் அசைந்தால் இந்தப் பொம்மைத் துப்பாக்கியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் கோடு மாதிரி வெளிச்சம் தெரிகிறது, அந்த வெளிச்சத்தின் வழியாக உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் வெளியே வரப் பார்க்கிறது. ஸ்ப்ரிங்குக்கு நான் எம்.எஸ்சி. இயற்பியல் படிப்பதெல்லாம் தெரியாது. வழி கிடைத்தால் பாய்ந்துவிடும், அதோடு ட்ரிக்கரின் மயிரிழை ஸ்ப்ரிங்கும், பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கியும், காலையிலிருந்து மூன்று தடவை தப்பி நாலாம் தடவை ஒழுங்காக உட்கார்ந்த அத்தனையும் பட்டறைத் தரையில் சிதறும். நாலு ஸ்க்ரூவும் டம்ளரில், கைக்கெட்டும் தூரத்தில், சமர்த்தாக இருக்கின்றன. ஸ்டார் திருப்புளிதான் இல்லை. அது பெரிய லேத்துக்கு முன்னால், சிவப்புத் துணி விரித்த பலகையில், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. இன்றைக்கு ஆயுத பூஜை. நான் குனிந்து குண்டூசியால் நெம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா வந்து மேஜையில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனார், திருப்புளி, கத்தரி, செலோ டேப், ஸ்டேப்ளர், நான் துப்பாக்கியிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய ஸ்ப்ரிங்கைக்கூட விடவில்லை. இதும் உன்னுதா, வெச்சிரட்டுமா என்று கேட்டாராம், நான் உம் என்றேனாம். கேட்கிறவர் ஆள் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாமா, காதில் விழாத கேள்விக்குச் சொன்ன உம் எப்படி ஒப்புதல் ஆகும், இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் கேட்பேன். அப்பாவிடம் கேட்டேன். அவர் பொட்டு வைத்த விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "நாளைக்குக் காலைல மறுபூஜை போட்டுட்டு எடுத்துக்க சாமி. ஒரு நாளைக்கு அதுகளும் சும்மா உக்காரட்டும்," என்றார். உட்காரட்டும். நானும்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படியென்றால் நான் கேட்கிறேன், கருவிகளுக்கு ஓய்வு என்றால் எல்லாக் கருவிக்கும்தானே ஓய்வு. அம்மாவின் அரிவாள்மணைக்கும் காலையில் பொட்டு வைத்தார்கள், நான் பார்த்தேன், சந்தனம் காய்வதற்குள் அதே அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கினாள். மிக்ஸிக்குப் பொட்டு, உடனே தேங்காய்ச் சட்னி. கேஸ் அடுப்புக்கு மூன்று பட்டை விபூதி, விபூதியோடு சுண்டல் வேகிறது. லேத் உட்காரலாம், டிரில்லிங் மிஷின் உட்காரலாம், என் லேப்டாப்பும் புத்தகங்களும்கூட சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்காரலாம், அடுப்படிக்கு மட்டும் பொட்டு வைத்த கையோடு வேலை. இதை நான் சொன்னபோது அம்மா சிரித்துக்கொண்டே, உனக்கு வாய்க்குத்தான் முதல்ல பொட்டு வெச்சு உக்கார வெக்கணும் என்றாள். பதில் இல்லாதவர்கள் எல்லோரும் இந்த வீட்டில் என் வாயைத்தான் பிடிக்கிறார்கள். கொஞ்ச நேரம் முன்னால் கெஞ்சிக் கூப்பிட்டதும் அம்மா வந்தாள், பூப்பொட்டலத்து நூலை எடுத்துத் துப்பாக்கியைச் சுற்றி இரண்டு கட்டு கட்டினாள், நான் மெல்ல விரலைத் தளர்த்தினேன், நூல் ஒரு விநாடி நின்று டப்பென்று அறுந்தது. பூ நூல் ஒரு முழம் மல்லியைத் தாங்கும், அவ்வளவுதான் அதன் படிப்பு. அம்மா போகும்போது, அக்கா வர்ற நேரம், மூஞ்சியக் கழுவிட்டு நல்ல துணியா மாத்து பாப்பா, வயசு இருபத்தி ரெண்டாச்சு, இன்னும் என்ன துப்பாக்கி என்று சொல்லிவிட்டுப் போனாள். இருபத்திரண்டு வயது ஆளைப் பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே வயசு ஆச்சு என்று சொல்லும் முரண்பாட்டை யாரும் கவனிப்பதில்லை. அக்கா வருகிற நேரம். அதுதான். அக்கா வருவதற்குள் இந்த நாலு ஸ்க்ரூவும் ஏற வேண்டும். கை நடுங்குது பாப்பா என்றாள் அக்கா. போன வாரம் போனில். அதை இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் என் விரல் தளர்கிறது.

பட்டறை காலியாக இருக்கிறது. ஆட்கள் காலையிலேயே வந்து மிஷின்களை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, தரையைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவி, கலர்த்தாள் ஒட்டி, குளித்துவிட்டுக் குடும்பத்தோடு வருகிறோம் என்று போய்விட்டார்கள். மற்ற நாளெல்லாம் இரும்பு சீவிய வாடை அடிக்கும் இடத்தில் மண்ணெண்ணெயும் மல்லிகையும் ஊதுபத்தியும் கலந்து, மூக்குக்கு எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாத ஒரு வாடை, வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் வரும் வாடை. இந்த வாடையில்தான், அப்பா திருப்புளிக்குப் பொட்டு வைப்பதற்குள், இந்தத் துப்பாக்கியை முதன்முதலில் பிரித்தோம். கோனியம்மன் தேர் அன்றைக்குக் கடைவீதியில் வாங்கியது, கறுப்புப் பிளாஸ்டிக், பின்னால் இழுத்து விட்டால் டக்கென்று ஒரு மஞ்சள் குண்டு போகும், பட்டாணி அளவுக்குப் பிளாஸ்டிக் குண்டு. போகும் என்று சொல்லக் கூடாது, விழும். மூன்றடி தள்ளி, சலிப்போடு, வேலை முடிந்த ஆள் சட்டையைக் கழற்றிப் போடுகிற மாதிரி. அக்கா அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஏமாத்து வேலை பாப்பா, இதுக்குள்ள காத்து வெளிய போகுது என்றாள். எனக்கு ஏழோ எட்டோ வயது, அவள் என்னைவிட ஐந்து வயது மூப்பு. ஏமாற்று வேலை என்று கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அன்றிலிருந்து நான் கோபம் வந்தால் கழற்றிப் பார்ப்பவள். பிரித்தோம். உள்ளே பிஸ்டன் தலையில் இருந்த ரப்பர் வளையம் நூல் மாதிரி மெலிந்து, குழலைத் தொடவே இல்லை. அப்பாவின் பழைய ரப்பர் செருப்பின் குதிகாலில் வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, நான்தான் புது வளையம் செய்தேன். முதலில் தேங்காய் எண்ணெய் போட்டோம், ரெண்டு நாளில் ரப்பர் ஊதிப்போய் அடைத்துக்கொண்டது, பிறகு வாஸ்லின். குண்டு உட்காரும் வாயில் குழாய்க்காரர்கள் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்று. மூன்று சுற்றினால் குண்டு ஏறாது, ஒன்று சுற்றினால் காற்று ஒழுகும், இரண்டு. குழலின் உள்பக்கப் பிசிறை எடுக்க ஊதுபத்திக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டு உருட்டினோம், உருட்ட உருட்ட ஊதுபத்தி வாசம், துப்பாக்கியே சாமி அறை மாதிரி மணத்தது. கடைசியாக அந்த ஸ்ப்ரிங். பட்டறையின் கழிவுப் பெட்டியில் ஏதோ ஒரு பழைய வால்விலிருந்து கழன்று விழுந்தது, பொம்மையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு தடிமன். அதைப் போட்ட பிறகு என்னால் துப்பாக்கியைப் பின்னால் இழுக்கவே முடியவில்லை, முட்டிக்கு நடுவில் வைத்து இரண்டு கையாலும் இழுத்தும் முடியவில்லை. அக்கா வாங்கி ஒரே இழுப்பு. குண்டு போனது. இந்தத் தடவை போனது என்று சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பட்டறை எங்களுக்கு. பின்சுவர் ரேக்கின் மேல்தட்டில் சோடா மூடிகளைக் கிரீஸ் தொட்டு ஒட்டுவோம், கிரீஸ் மூடியைப் பிடிக்கும், ஆனால் தட்டினால் விட்டுவிடும், அடி விழுந்ததா என்று சண்டையே வராது, மூடி கீழே கிடந்தால் விழுந்தது. வாசல் பக்கத் தண்ணீர்க் கால்வாயின் விளிம்புதான் எல்லை, அதைத் தாண்டி ஒரு விரல் முன்னால் வந்தாலும் அக்கா அந்த அடியைத் தானே கணக்கில் சேர்க்க மாட்டாள். நான் குண்டு பொறுக்குபவள். குண்டுகளைப் பொறுக்கி, அரிசி களையும் சல்லடையில் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு வாசரின் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாக உருட்டி, சிக்காமல் விழுவதை மட்டும் அவளுக்குக் கொடுப்பேன். ஒரு தடவை சோம்பல்பட்டு அப்படியே கொடுத்துவிட்டேன், குண்டு வளைந்துகொண்டு டிரில்லிங் மிஷினில் போய் அடித்தது. அக்கா திரும்பி, "சப்பட்டக் குண்டு குடுத்தியா?" என்றாள். சத்தம் போடவில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் வெளுத்து, கண் சுருங்கி, சப்பட்டக் குண்டு குடுத்தியா. அந்த முகம். எல்லோரும் அக்காவைச் சாந்தம் சாந்தம் என்பார்கள், தாரணி மாதிரிப் பொறுமை உண்டா என்பார்கள், அவர்கள் யாரும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அவளைப் பற்றி அவர்கள் சொல்வது எதுவும் எனக்கு ஒத்துவருவதில்லை. சுடும்போது மூச்சைப் பாதி விடுவாள். முழுக்க விடமாட்டாள், பாதி. அந்தப் பாதிக்கும் ட்ரிக்கருக்கும் நடுவில் ஒரு இடைவெளி, அதில் வெளியே போகிற பஸ் சத்தம்கூட நின்றுவிடும் என்று நான் நம்பியிருந்தேன். நான் அந்த இடைவெளியில் இமைகூடத் தட்டியதில்லை. இப்போது நானும் பாதி மூச்சோடுதான் இருக்கிறேன், ஆனால் என்னுடையது கை வலியால்.

பிறகு அது உண்மைத் துப்பாக்கி ஆனது. காலேஜில் என்.சி.சி., அங்கிருந்து ரைபிள் கிளப், ஒரு மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்குக் கை கல்லு மாதிரி இருக்கு, எங்க பழகினே என்று கேட்டாராம். அக்கா என்ன சொன்னாள் தெரியுமா, வீட்ல பாப்பா குண்டு பொறுக்கிக் குடுப்பாளுங்க மேடம் என்றாளாம். அதைக் கேட்டு நான் மூன்று நாள் மிதந்தேன். தடித்த கான்வாஸ் கோட்டு ஒன்று வாங்கினாள், போட்டுக்கொண்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற பெட்டி மாதிரி இருப்பாள், அந்தக் கோட்டு இப்போது அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே பாச்சை உருண்டையோடு இருக்கிறது. ரெண்டு வருஷம் முன்னால் கல்யாணம், காங்கயம். இங்கேதான் நான் தடுக்கி விழுகிறேன், ஒவ்வொரு தடவையும். யாரோடு சண்டை போடுவது? மாமியார் கொடுமை என்றால் போய்ப் பேசலாம், அந்தம்மா அக்காவின் மெடலை ஷோகேஸில் வைத்திருக்கிறார்கள். மாமா தடுத்தார் என்றால் விடமாட்டேன், மாமா என்ன சொன்னார், போறதுன்னா போ தாரணி, வண்டிய எடுத்துக்க என்றார். அப்பா கல்யாணத்தை அவசரப்படுத்தினார் என்று ஒரு வருஷம் அப்பாவோடு சண்டை போட்டுப் பார்த்தேன், அவளக் கேட்டுத்தான் வெச்சோம் கண்ணு என்றார், அதுவும் உண்மை. எல்லோரும் நல்லவர்களாக இருந்து, ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்து, அக்கா சுடுவதை விட்டுவிட்டாள். இதைப் பட்டிமன்றத்தில் எந்தத் தலைப்பில் பேசுவது, எதிரணியில் யாரை உட்கார வைப்பது. இப்போது காங்கயத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி தொடங்குகிறார்களாம், மேடம் அக்காவின் பேரைச் சொல்லியிருக்கிறார், அடுத்த வாரம் அவர்கள் முன்னால் பத்து ரவுண்டு சுட்டுக் காட்ட வேண்டும், வருகிறாளா இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். நான் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று ஒரு மணி நேரம் பேசினேன், உள்ள வாதத்தையெல்லாம் வரிசையாக வைத்தேன், அக்கா எல்லாவற்றுக்கும் உம் உம் என்றாள், கடைசியில் சொன்னாள், "கை நடுங்குது பாப்பா. விட்டிரு."

கை நடுங்குவதற்கு என்ன பதில் இருக்கிறது. நெட்டில் தேடினேன், தைராய்டிலிருந்து காபி வரைக்கும் காரணம் சொல்கிறது, நரம்பு என்கிறது, பயம் என்கிறது, சில காரணங்களைப் படித்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன், மூடியும் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதைவிடப் பயம், அது பொய்யாக இருந்துவிடுமோ என்பது. கை நடுங்கவே இல்லை, எனக்கு வேண்டாம் என்று நேராகச் சொன்னால் இவள் விடமாட்டாள், வாதம் பண்ணியே கொல்லுவாள், ஆகையால் கையின் மேல் பழியைப் போடு என்று அக்கா முடிவு பண்ணியிருந்தால்? என்னிடமிருந்து தப்பிக்க அவள் ஒரு வியாதியை ஒளிவிடமாகக் கண்டுபிடித்திருந்தால்? என் வாய்க்கு முதலில் பொட்டு வைக்க வேண்டும் என்று அம்மா இன்றைக்குச் சொன்னதை நான் அந்த ராத்திரியே நினைத்துவிட்டேன். அதனால்தான் இனிமேல் பேசப்போவதில்லை என்று முடிவு செய்தேன். பேசாமல் கையில் கொடுத்துவிடுவது. இந்தா, இந்தத் துப்பாக்கி, அந்த மூடி, சுடு. மூடி விழுந்தால் அவளுக்கே தெரியும். ஆனால் பழைய ஸ்ப்ரிங்கோடு கொடுக்க முடியாது, அது குதிரையை இழுப்பது மாதிரி, ட்ரிக்கரும் அதன் பாரத்தில் கல்லாக இருக்கும், நல்ல கைக்கே உதறும். அதனால் ஹாஸ்டலில் உடைந்துபோன மடக்குக் குடைக்குள் இருந்து ஒரு நீளமான மெலிந்த ஸ்ப்ரிங்கை எடுத்து, அளவு பார்த்து வெட்டி, நுனியை மெழுகுவர்த்தியில் காய்ச்சி மடித்துக் கொண்டுவந்தேன். கொக்கியின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினேன். இப்போது சும்மா தொட்டால் போதும், ட்ரிக்கர் வெண்ணெய் மாதிரி நழுவும். குண்டு தூரம் போகாதே என்றால், அதற்கும் வழி செய்துவிட்டேன், மூடிகளைப் பின்சுவர் ரேக்கில் ஒட்டவில்லை, பாதித் தூரத்தில் டிரில்லிங் மிஷின் மேல் ஒட்டியிருக்கிறேன், கலர்த்தாளுக்குப் பக்கத்தில், அலங்காரம் மாதிரி. இது மோசடியா? இல்லை, உதவி. உதவிக்கும் மோசடிக்கும் என்ன வித்தியாசம் என்று என்னை நானே கேட்டால் நன்றாகவே பதில் சொல்வேன், ஆனால் இப்போது விரல்கள் மரத்துவிட்டன.

மேஜையில் போன் அதிர்கிறது. அதிர்ந்து அதிர்ந்து நண்டு மாதிரி விளிம்பை நோக்கி நகர்கிறது, திரையில் அக்கா என்று வருகிறது, அந்தக் கான்வாஸ் கோட்டோடு நான் எடுத்த படம். எடுக்க வேண்டும் என்றால் விட வேண்டும். வரலை என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள். வேறு எதற்கு இந்த நேரத்தில். மாமாவுக்கு வேலை, வண்டி பஞ்சர், தலைவலி, அவளுக்குக் காரணமா கிடைக்காது, கையே ஒரு காரணம் ஆனபோது. மூக்கால் அழுத்தலாமா? குனிந்தேன், முன்பக்கம் திறந்துகொண்டது, வெளிச்சக் கோடு அகலமானது, நிமிர்ந்துவிட்டேன். "அம்மா," என்று கூப்பிட்டேன். அடுக்களையில் தாளிக்கும் சத்தம். அதிர்வு நின்றது.  சிவப்புத் துணியில் பழைய ஸ்ப்ரிங் தெரிகிறது, திருப்புளிக்கும் கத்தரிக்கும் நடுவில், அதற்கும் ஒரு பொட்டு, அப்பா எதையும் விட்டுவைக்க மாட்டார். ஆறு எட்டு வைத்தால் திருப்புளி. ஒரு கையால் எடுக்க முடியாது, பல்லால் கவ்விக்கொண்டு வரலாம், ஆளில்லாத நேரம், யார் பார்க்கப்போகிறார்கள். ஆனால் அப்பா அந்தப் பொட்டை வைத்தபோது பார்த்தேன், ஒவ்வொரு ஸ்பேனரையும் துடைத்து, சின்னது பெரியதாக அடுக்கி, பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி. நான் அந்தச் சடங்கை நம்பவில்லை. அதற்காக அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா. இது வாதமே இல்லை என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்தே இருக்கிறேன். வலது மணிக்கட்டில் ஒரு நரம்பு தனியாகத் துடிக்க ஆரம்பித்துவிட்டது.

வெளியே வண்டி நின்ற சத்தம், மாமாவின் செருமல், அம்மாவின் வா சாமி வா, பிறகு அக்காவின் குரல், பொரி வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்கத்தான் பாப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவே இல்ல, அவளுக்கு யாரோட சண்டை இன்னைக்கு என்று. பொரி. பொரிக்காகவா நான் அத்தனை தவித்தேன். ஆட்களும் ஒவ்வொருத்தராக வந்துவிட்டார்கள், பிள்ளைகள் மிஷின்களைத் தொட்டுத் திட்டு வாங்குகிறார்கள், மாமா பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று நிற்கிறார், அப்பா சூடத்தட்டைத் தேடுகிறார். அக்கா என்னைப் பார்த்ததும் நேராக வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். ஸ்டூலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்தாள், டம்ளரில் இருந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தாள், பலகையில் இருந்த திருப்புளியைப் பார்த்தாள், நான் ஒரு வார்த்தை சொல்லாமலே எல்லாம் புரிந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். பிறகு தன் கைகளை என் கைகளின் மேல் வைத்து மூடினாள்.

"உங் கைதான் நடுங்குது பாப்பா."

"ரொம்ப நேரமாப் புடிச்சுட்டே இருக்கேன்க்கா."

"எனக்கும் அப்படித்தான்னு வெச்சுக்க," என்றாள், ரொம்பச் சாதாரணமாக, பொரி விலை சொல்கிற மாதிரி. "குடு. ஒவ்வொரு வெரலா எடு."

ஒவ்வொரு விரலாக எடுத்தேன். எடுத்த இடத்தில் அவள் விரல் வந்து உட்கார்ந்தது. கடைசியாக என் பெருவிரல் விலகியபோது துப்பாக்கி அவள் கையில் இருந்தது, திறக்கவில்லை. நான் வெட்கமே இல்லாமல் அவள் விரல்களையே உற்றுப் பார்த்தேன். நடுங்கியது. கொஞ்சம் நடுங்கியது, பொய் இல்லை, மோதிர விரலும் சுண்டு விரலும். ஆனால் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. அவள் உள்ளங்கைக்குள்ளேயே துப்பாக்கியை லேசாகத் திருப்பி, பெருவிரலால் பின்பக்கத்தை ஒரு நூல் அளவுக்குத் தள்ளிப் பார்த்தாள். நிறுத்தினாள். மறுபடி தள்ளினாள். தலையைத் தூக்கி டிரில்லிங் மிஷின் பக்கம் பார்த்தாள், அதன் மேல் வரிசையாக ஒட்டியிருந்த மூடிகளை, பிறகு பின்சுவரில் காலியாக இருந்த ரேக்கை.  அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். எழுந்து அம்மாவிடம் போய் அடுக்களையில் நின்றுகொள்வாள் என்று நினைத்தேன். அக்கா திரும்பினாள். மூக்கின் இரண்டு பக்கமும் வெளுத்திருந்தது.

"ஸ்ப்ரிங்க மாத்தினியா? எனக்காகவா?"

நான் தலையை ஆட்டினேன்.

"மூடியயும் பக்கத்துல கொண்டாந்து ஒட்டியிருக்க. கண்ணு தெரியாத கெழவி சுடறதுக்கா?" குரல் உயரவில்லை, கண் சுருங்கியிருந்தது, ரெண்டு வருஷமாக நான் பார்க்காத முகம். "பழசு எங்க?"

மோவாயால் பலகையைக் காட்டினேன். அவள் பார்த்ததை அப்பாவும் பார்த்துவிட்டார். சூடத்தட்டோடு நின்று, கொஞ்சம் சங்கடத்தோடு, "இன்னைக்கு எடுக்கப்படாது சாமி," என்றார்.

"தெரியுமுங்கப்பா. நாளைக்கு மறுபூஜை போட்டதும் எடுத்துக்கறேன்." பிறகு மாமாவிடம், "நீங்க வேணா போயிட்டு நாளைக்குச் சாயந்தரம் வாங்க," என்றாள். பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு நின்ற மாமா, சரி தாரணி, அப்ப இத எங்க வெக்கட்டும் என்று கேட்டார், அதைத் தவிர அவருக்கு வேறு கேள்வி இல்லை. அக்கா என் பக்கம் குனிந்தாள். "காலைல பழசப் போட்டு வை. மூடி பழைய எடத்துல இருக்கணும். சுட்டுப் பாத்துட்டு மேடத்துக்கு நான் சொல்லிக்கறேன், போறதோ இல்லியோ. நீ பேசாத."

 அப்பா மணியை அடிக்க ஆரம்பித்தார். ஒரு கையில் மணி, ஒரு கையில் சூடம், லேத்தில் இரும்பைக் கவ்வும் சக்கிலிருந்து கடைசி ஸ்பேனர் வரைக்கும் வெளிச்சம் ஒரு சுற்று சுற்றி வந்தது, பழைய ஸ்ப்ரிங்கின் சுருள்களில் ஏறி இறங்கியது. ஆட்கள் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். அக்காவால் கூப்ப முடியாது, அவள் ஸ்டூலில் என் இடத்தில் உட்கார்ந்து, துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியிருந்தாள். வெளியே பஸ் போகிற சத்தம் கேட்கவில்லை, மணிச் சத்தத்தில் கேட்டிருக்காது, அது எனக்குத் தெரியும். அவள் சுண்டு விரலைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். மத்தியானம் முழுக்க மடங்கியே இருந்த என் விரல்கள் நீள மறுத்தன, காலியாக இருந்தன, என்ன செய்வது என்று தெரியாமல் நெஞ்சுக்கு நேரே வந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. யாராவது கேட்டால் விரல் வலி என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை.